நெஞ்சொடு பேசும் பேச்சு

(களுபோவிலயில் நடைபெற்ற நமது மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)

 

இம்மேடையிலே நின்று பேச எனக்குத் தகுதி உண்டோ என்று கடந்த மூன்று நாட்களாக என்னுள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நமது செயலாளர் அண்ணா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இந்த முறை இளைஞர் பக்கத்திலிருந்து நீர்தான் பேச வேணும்" என்றார். நானும் "ஓம் அண்ணா" என்றேன். ஒப்புக்கொண்ட மறுகணமே அந்தக் குரல் எழுந்துவிட்டது. "நீயா? மிஷன் பாடசாலையில் படித்தவன், தேவாரம் நாலு பதிகம் ஒழுங்காகப் பாடமில்லை, பெரியவர்கள் இருக்கும் சபையிலே நடுவில் தடக்கி நின்று மானத்தை வாங்கப் போகின்றாய்" என்றது. வேறொருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று இப்படிப் பேசியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். உள்ளேயிருந்து பேசியவனுக்கோ மூன்று நாட்களும் சோறும் தேநீரும் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தக் குரலைப் பற்றியே இன்று பேசுவதெனத் தீர்மானித்தேன். இச்சபையிலுள்ள இளைஞர் பலருக்கும், வெளியே சொல்லாவிடினும், அவன் அறிமுகமானவன் என்றே நினைக்கின்றேன். பெரியோர்க்கும் அறிமுகமாயிருக்கலாம், அதை அவர்களே சொல்ல வேண்டும்.

அக்குரல் எந்த மொழியிலே பேசுகின்றது என்று சிறிது கவனித்துப் பார்த்தேன். கொழும்பிலே வளரும் நம்மனோர் கொண்டக்டரிடம் சிங்களத்தில் மிச்சக்காசு கேட்கின்றோம். விரிவுரை மண்டபத்திலே ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கின்றோம். வீட்டுக்கு வந்து தமிழிலே பசிக்கிறது என்கின்றோம். என்னுள் இருப்பவனும் பன்மொழிப் புலவன்தான். திறப்பை மறந்துவிட்டு வந்தால் "மடையா" என்பான். பரீட்சைத் தாளில் பிழைவிட்டால் "யூஸ்லெஸ்" என்பான். இவ்விரண்டிலும் ஆங்கிலச் சொல்லே எனக்கு அதிகம் நோவதாகும். ஏனென்று தேடிப் பார்த்தபோது, அச்சொல்லை நான் முதன்முதலாகக் கேட்ட இடம் நினைவுக்கு வந்தது. எனக்குப் பதினான்கு வயது. கணித வகுப்பு. கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு நின்றேன். ஆசிரியர் ஒருவர், சலிப்போடு, கோபங்கூட இல்லாமல், அச்சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த மாணவனை அழைத்தார். அவர் அன்று மாலையே அதை மறந்திருப்பார். அவருடைய ஒரு நொடிச் சலிப்பை நான் எட்டு ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் அவருக்காகச் சொல்லிக்கொண்டு வருகின்றேன்!

உருசிய நாட்டு உளவியலறிஞர் இலெவ் வைகோட்ஸ்கி என்பார் 1934ஆம் ஆண்டு, தமது முப்பத்தேழாம் வயதிலே காலமானவர். சிறுபிள்ளைகள் விளையாடும்போது தமக்குத் தாமே உரக்கப் பேசுவதை அவர் கூர்ந்து நோக்கினார். முதலில் பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுகின்றார்கள். பின்பு பிள்ளை அதே தொனியிலே தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டு காரியம் செய்கின்றது. வளர வளர அப்பேச்சு உதட்டை விட்டு உள்ளே இறங்கி, ஓசையற்ற பேச்சாகிவிடுகின்றது என்று அவர் எழுதினார். எங்கள் மாடிக் குடியிருப்பிலே கீழ்வீட்டுச் சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். வயது நான்கு. பொம்மையைக் குளிப்பாட்டும்போது, "அசையாதை, கண்ணுக்கை சோப்புப் போகும், பொறு என்ர செல்லம்" என்று சொல்லிக்கொண்டே குளிப்பாட்டுவாள். அவளுடைய தாயின் குரல் அப்படியே அதில் இருக்கும். இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பேச்சு நின்றுவிடும். நிற்பதாக நமக்குத் தோன்றும். அது உள்ளே போய்விட்டதென்பதே வைகோட்ஸ்கி கண்டது. இச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலும் பெரிய பயமும் உண்டாயின. ஆறுதல் எதனாலென்றால், என்னுள் ஏசுகின்றவன் பிறக்கும்போதே என்னுடன் வந்தவனல்லன், இடையிலே குடியேறியவன். பயத்தைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

நான் உயர்தரப் பரீட்சைக்கு இருமுறை தோற்றியவன். தோற்றினேன் என்பதற்கும் தோற்றேன் என்பதற்கும் சொல்லளவில் அதிக தூரமில்லை என்பதை முதல்முறை பெறுபேறு வந்த அன்று அறிந்தேன். மூன்று பாடங்களிலும் சாதாரண சித்தி. இசட் புள்ளிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. இசட் புள்ளி என்பது என்னவென்று இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும்; பெரியோர்க்காகச் சொல்கின்றேன். 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அதுவே அளவுகோல். ஒருவர் ஒரு பாடத்திலே பெற்ற புள்ளியிலிருந்து அவ்வருடம் அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, அதனை நியம விலகலால் வகுத்து வருவது. சராசரிக்குக் கீழே நிற்பவர்க்குக் கழித்தல் குறி விழும். சராசரி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழேயும் சனங்கள் இருந்தே ஆகவேண்டும். எந்த வருடத்திலும், எந்தப் பாடத்திலும், ஏறக்குறையப் பாதிப்பேர் அங்கேதான் இருப்பர். இன்று புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகப் படிக்கின்ற எனக்கு இது விளங்குகின்றது. அன்று விளங்கவில்லை. அக்குறியை ஒரு வருடத்துத் தாளிலிருந்து பெயர்த்தெடுத்து என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டேன். கண்ணாடியிலே முகங்கழுவும்போது, "மைனஸ், முகத்தைத் துடை" என்பேன். பகிடிபோலத்தான் ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்குள் பகிடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நண்பர்கள் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வரச்சொல்லி அழைத்தால் தலையிடி என்பேன். மாலையிலே புகையிரதம் போகும் சத்தம் கேட்கும்போது, எல்லாரும் எங்கேயோ போகின்றார்கள், நான் மட்டும் போகவில்லை என்று நினைப்பேன்.

அப்பா அக்காலத்திலே என்னை ஏசவில்லை. அவர் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்துக்கு நானே வசனம் எழுதிக்கொண்டேன். "இவனாலே எனக்கு வெட்கம்" என்று அவர் மனத்திலே சொல்வதாக நானே முடிவு செய்து, அதற்கு நானே மறுமொழியும் சொல்லி, நானே அழுவேன்.

ஒருநாள் அப்பா அலமாரியின் மேற்தட்டிலிருந்து பழைய துணிப்பை ஒன்றை எடுத்து என் மேசையிலே வைத்தார். அது அப்பப்பாவுடையது. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தபோது, அப்பப்பா கையிலே எடுத்துக்கொண்டு மதிலேறிக் குதித்தது அந்தப் பை ஒன்றைத்தான். அதற்குள்ளே அவருடைய பரீட்சைச் சான்றிதழ்களும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்தன. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமிலே சில நாட்கள். பின்பு கப்பலிலே காங்கேசன்துறை. கப்பலின் தட்டிலே இருந்துகொண்டு அப்பப்பா அந்தப் பையை மடியில் வைத்து, "வீட்டை எரிக்கலாம், படிப்பை ஒருத்தராலும் எரிக்க ஏலாது" என்று சொன்னாராம். அன்றுமுதல் அவ்வசனம் அப்பாவின் உள்ளே இருக்கின்றது. அவர் அதைச் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு உன்னில கோபமில்லை மோனே. எனக்குப் பயம். பயத்தை எப்பிடிக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

சபையோரே, எங்கள் சமூகத்திலே பிள்ளைகளின் காதில் விழும் கடுஞ்சொற்களில் அரைவாசிக்கு மேல் இந்தப் பயத்திலிருந்தே பிறந்தவை என்று நான் கருதுகின்றேன். 1970களின் தரப்படுத்தலைக் கண்டவர்கள், 1983ஐக் கண்டவர்கள், அதன்பின் நெடும்போரைக் கண்டவர்கள் எங்கள் பெற்றோரும் பேரரும். அவர்களுக்குப் புள்ளி என்பது மதிலேறிக் குதிக்கும்போது கையிலே இருக்கும் பை. அதை அறியாத பிள்ளைக்கோ அது வெறும் ஏச்சாகவே கேட்கின்றது. ஏச்சாகவே உள்ளே இறங்குகின்றது. பயத்தைப் பயமென்று சொல்லியிருந்தால் நாங்கள் அதைத் தாங்கியிருப்போம் என்பதே என் எண்ணம். தவறாயின் பெரியோர் பொறுத்தருள்க.

எனது மாற்றம் ஆரம்பித்த இடம் இங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றது. களுபோவில ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையிலே அம்மம்மாவை அனுமதித்திருந்தோம். குளியலறையிலே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்தபின், நான்கு கால் வைத்த நடைச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழக்கினார்கள். மதியம் பார்வையாளர் நேரத்திலே சோற்றுப் பெட்டியோடு நான் போவேன். ஒருநாள் நான் வந்ததை அம்மம்மா காணவில்லை. கட்டிலருகே சட்டத்தைப் பிடித்தபடி நின்று யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தா. பக்கத்துக் கட்டிலில் இருந்தவ சிங்களப் பெண்மணி, அவவோடு அன்று. கிட்டப் போனபோதுதான் கேட்டது. தன் காலோடு பேசிக்கொண்டிருந்தா!

"வாடி என்ர குஞ்சு, இன்னும் ஒரு அடி. நோகுது, எனக்குத் தெரியும். நேற்று வாங்கு மட்டும் வந்தனீ. இண்டைக்கு அந்தக் கதவடி மட்டும் போய்ப் பாப்பம். ஏலாட்டில் திரும்பி வருவம், என்ன?"

சோற்றுப் பெட்டியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். எண்பது வயதைத் தொடும் கிழவி முறிந்த காலோடு பேசும் பேச்சு இது. நானோ முறியாத இரண்டு கால்களோடு, "மைனஸ்" என்று என்னை விரட்டிக்கொண்டு நிற்கின்றேன். அம்மம்மாவின் இடத்திலே நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். "உதவாத காலே, உன்னால்தான் எல்லாருக்கும் கரைச்சல்" என்றே சொல்லியிருப்பேன். அப்படி ஏசப்பட்ட கால் ஒரு அடியேனும் எடுத்து வைத்திருக்குமா?

அவவின் பேச்சிலே பொய் எதுவுமில்லை என்பதையும் கவனியுங்கள். நோகவில்லை என்று சொல்லவில்லை. நாளைக்கு ஓடுவாய் என்றும் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நான் வெல்வேன், நான் சிறந்தவன், நான் அன்புக்குரியவன்" என்று தினமும் கண்ணாடிக்கு முன்னால் பத்து முறை சொல்லுமாறு போதிக்கும் புத்தகங்கள் நம் கடைகளிலே நிறைய உண்டு. நானும் ஒன்றை வாங்கிச் சொல்லிப் பார்த்தவன்தான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளிருப்பவன் சிரித்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவான் வூட் என்னும் பெண்மணியும் அவருடைய சகாக்களும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றிலே இதே செய்தியைக் கண்டேன். தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுவோர் இத்தகைய புகழ்மொழிகளைத் தமக்குத் தாமே சொல்லும்போது, அவர்களின் மனநிலை, அவ்வாறு சொல்லாத அத்தகையோரின் மனநிலையிலும் தாழ்ந்திருந்ததாம். நம்ப முடியாததைச் சொன்னால் மனம் அதற்கு மறுப்பையே தேடும் போலும். அம்மம்மா அந்த ஆய்வைப் படித்தவ அல்ல. ஆனால் காலுக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது அவவுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து திருக்குறளைப் புரட்டினேன். நெஞ்சோடு பேசுதல் என்பது நமக்குப் புதிய சரக்கன்று. காமத்துப்பாலிலே 125ஆம் அதிகாரத்துக்கு 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே பெயர்; 130ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு புலத்தல்'. (பாடசாலையிலே காமத்துப்பாலை எங்களுக்குப் படிப்பிக்கவில்லை, எனவே இவற்றைக் காண இத்தனை வருடம் சென்றது.) பிரிந்துபோன தலைவனை எண்ணி வருந்தும் தலைவி தன் நெஞ்சை எதிரே நிறுத்திப் பேசுகின்றாள். இந்நோய்க்கு ஒரு மருந்து யோசித்துச் சொல்ல மாட்டாயா என்று அதனிடமே ஆலோசனை கேட்கின்றாள். அன்பில்லாத ஒருவருக்காக நீ நோவது அறியாமை என்று கண்டிக்கின்றாள். கண்டித்த அதே மூச்சிலே, வாழ்க என்றும் சொல்லிவிடுகின்றாள். அவ்வாழ்த்தை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ளும் உரையும் உண்டென அறிவேன். இருக்கட்டும். எனக்கென்னவோ, தாய் பிள்ளையைப் "போடா விசரா" என்று சொல்லும்போது அதிலே இருக்கும் ஈரமே அங்கும் தெரிகின்றது. நெஞ்சு பிழைவிடும், அதைச் சொல்ல வேண்டும், ஆயினும் அதனோடு உறவை முறிக்கக் கூடாது. பட்டினத்தாருடைய பாடல்களிலும் 'நெஞ்சொடு புலம்பல்' என்ற ஒரு பகுதியும் 'நெஞ்சொடு மகிழ்தல்' என்ற ஒரு பகுதியும் உண்டு. புலம்பியவரே மகிழ்ந்துமிருக்கின்றார். நாமோ முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இந்த இடத்திலே பெரியோர் ஒருவர் எழுந்து, "தம்பி, மாணிக்கவாசக சுவாமிகளே தம்மை நாயேன் என்றாரே, தன்னைத் தாழ்த்துவது நமது நெறியல்லவா?" என்று கேட்கலாம். உண்மையிலேயே இக்கேள்வியை எங்கள் வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் கேட்டார். நான் ஒரு கிழமை விடை தெரியாமல் இருந்தேன். பாடசாலையிலே காலைப் பிரார்த்தனையின்போது பாவ அறிக்கையைக் கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை கோயிலிலே திருவாசகத்தைக் கேட்டு வளர்ந்தவனும் நான். இரண்டிலும் மனிதன் தன்னை இழிந்தவன் என்கின்றான். ஆனால் இரண்டிலும் அவன் யாரையோ நோக்கி அதைச் சொல்கின்றான். கேட்பவர் ஒருவர் இருக்கின்றார். அவர் கைவிட மாட்டார் என்று நம்பியே சொல்கின்றான். நாயேன் என்று சொல்லும் மணிவாசகர் அடுத்த வரியிலே தாயினும் பெரிய தயவைப் பேசுகின்றார். நள்ளிரவிலே கட்டிலிற் படுத்துக்கொண்டு நான் என்னை நாயென்று ஏசும்போது எதிரே எவருமில்லை. ஏசுபவனும் நானே, தீர்ப்புச் சொல்பவனும் நானே, தண்டனை அனுபவிப்பவனும் நானே. இதற்குப் பணிவென்று பெயரிடுவது பொருந்துமா? மாமா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "யோசிக்க வேண்டிய விசயம்" என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு சொன்னதே பெரிது.

அயலானிடம் அன்பு காட்டு, அதற்கு அளவாக உன்னிடம் நீ காட்டும் அன்பையே வைத்துக்கொள் என்ற கிறித்தவப் போதனையையும் பாடசாலையிலே பலமுறை கேட்டேன். அதன் இரண்டாம் பாதியை யாரும் விளக்கியதாக நினைவில்லை. நான் என்னோடு பேசுவதுபோல் எங்கள் அயல்வீட்டு ஐயாவோடு பேசினால், அவர் மறுநாளே நுகேகொடைக்கு வீடு மாறிவிடுவார்.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆந் தேதி நமது கொழும்புத் துறைமுகத்திலே வந்திறங்கினார். மேலைநாட்டிலிருந்து திரும்பியபின் அவர் முதன்முதலாகப் பொதுச் சொற்பொழிவு ஆற்றியது மறுநாள் இதே நகரிலேயாம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சிகாகோவிலே, மனிதரைப் பாவிகள் என்று அழைப்பதே தகாதென்று துணிந்து கூறியவர் அவர். அப்படிச் சொன்னவர் சுகமாக வாழ்ந்து சொன்னவருமல்லர். 1884இலே தந்தையார் இறந்தபின், கல்கத்தாவிலே பட்டதாரியான அவர் வேலை தேடிக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, பசியோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சுவாமிகளின் வீரமொழிகளைச் சுவரிலே ஒட்டிவிட்டு, அவற்றைக் கொண்டே பிள்ளைகளை அடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கின்றது. சோர்ந்திருப்பவனிடம் "பலவீனமே பாவம்" என்று சொன்னால், அவன் ஏற்கெனவே வைத்திருக்கும் சவுக்கோடு இன்னொன்றையும் எடுத்துக்கொள்வான். மனிதனுக்குள்ளே உயர்ந்ததொன்று இருக்கின்றது என்று நினைவூட்ட வந்தவரை நாம் பிரம்பாக்கிவிட்டோம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் 1964இலே சமாதியடைந்தவர். அவரை நேரே கண்ட பாட்டன்மார் சிலர் இச்சபையில் இருக்கலாம். எதிலும் ஒரு பொல்லாப்புமில்லை என்னும் அவருடைய வாக்கை, கோப்பை உடைந்தாலும் பால் பொங்கி வழிந்தாலும் அம்மம்மா சொல்லுவா. அந்த வாக்கைப் பரீட்சைப் பெறுபேற்றுக்கு மட்டும் எவரும் சொல்வதில்லை!

இனி, நான் செய்து பார்த்தவற்றிற் சிலவற்றைச் சொல்கின்றேன். பெரிய வித்தை எதுவுமில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ஏரன் பெக் என்ற மனநோய் மருத்துவர் இருந்தார். நூறு வயது வரை வாழ்ந்து 2021இலே காலமானார். 1960களிலே அவர் ஒன்றைக் கண்டார். தம்மிடம் வந்த நோயாளர் வாயாற் சொல்லும் கதையோடு கூடவே, சொல்லாத இன்னொரு பேச்சு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. "நான் இவருக்கு அலுப்புக் கொடுக்கின்றேன்", "நான் ஒன்றுக்கும் உதவேன்" என்று தானாக எழும் எண்ணங்கள் அவை. அவற்றை வெளியே எடுத்துக் கடதாசியில் எழுதச் சொல்லி, இதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று வழக்கு விசாரிப்பதுபோல விசாரிக்கப் பழக்கினார். நானும் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கினேன். "நான் எதிலும் தேறாதவன்" என்று முதலாம் பக்கத்தில் எழுதினேன். உள்ளே இடிமுழக்கம்போல் இருந்த வசனம் கொப்பியிலே ஒற்றை வரியாய், எழுத்துப் பிழையோடு, மிகவும் சிறிதாய்க் கிடந்தது. கீழே சாட்சி எழுதினேன்: ஒரு பரீட்சை. எதிர்ச்சாட்சி எழுத ஆரம்பித்தேன். சாதாரண தரம் தேறியது, அம்மம்மாவுக்கு மூன்று கிழமை சோறு கொண்டு போனது, கீழ்வீட்டுச் சிறுமிக்கு உயிரெழுத்துச் சொல்லிக்கொடுத்தது என்று வந்துகொண்டே இருந்தன. "எதிலும்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, "இம்முறை இரசாயனவியல் எனக்குச் சரிவரவில்லை" என்று திருத்தி எழுதினேன். அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்யலாம்; இரசாயனவியலைப் படிக்கலாம். முதல் வசனத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கத்தான் முடியும்.

இன்னொன்று சிறிது வேடிக்கையானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் குரோஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 2014இலே வெளியிட்ட ஆய்வுகளிலே, சபையின் முன் பேசவேண்டிய நெருக்கடியிலே சிலரை நிறுத்தி, ஒரு பகுதியினரை "நான்" என்று சொல்லியும் மறுபகுதியினரைத் தம் பெயரைச் சொல்லியும் தம்மோடு பேசச் செய்தார்கள். தம் பெயரைச் சொல்லிப் பேசியோர் குறைவாகப் பதற்றமடைந்து, நன்றாகப் பேசினார்களாம். பெயர் சொல்லி அழைக்கும்போது நம்மை ஒரு நண்பனைப்போலச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கின்றோம் என்பது அவர்கள் கருத்து. சற்று முன், இம்மண்டபத்தின் பின்பக்கத்திலே தண்ணீர்த் தாங்கிக்கருகே ஒருவன் தன் பெயரைச் சொல்லித் தனக்கே உபதேசம் செய்துகொண்டு நின்றதை யாராவது கண்டிருந்தால், அது விசர் அன்று, விஞ்ஞானம்.

கிறிஸ்டின் நெவ் என்ற அமெரிக்கப் பெண்மணி 2003ஆம் ஆண்டு முதல் இப்பொருளை ஆராய்ந்து வருகின்றார். தன்னிடம் இரக்கம் காட்டுவதென்பது தன்னைப் புகழ்வதன்று, தனக்குச் சலுகை கொடுப்பதுமன்று என்பது அவருடைய ஆய்வின் சாரம். இத்துன்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல, மனிதர் யாவர்க்கும் வருவதே என்று அறிவதையும் அவர் அதிலே சேர்க்கின்றார். இதுவே எனக்கு மிகவும் உதவியது. ஏசுபவனுடைய முழுப் பலமும் "நீ மட்டும்தான்" என்ற சொல்லிலே இருக்கின்றது. நமது மன்றத்திலே திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையொன்றிலே, கோயில் வாசலிலே தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, மருத்துவபீடத்திலே படிக்கும் அண்ணா ஒருவர் தாமும் இரவிலே தம்மை இப்படியே ஏசுவதாகச் சொன்னார். மாவட்டத்திலே முன்னணியில் வந்தவர் அவர்! கூட்டல் குறி உள்ளவனுக்குள்ளும் அவன் குடியிருக்கின்றான் என்று அன்றுதான் அறிந்தேன்.

இளைஞர்க்கு ஒரு வார்த்தை. அந்தக் குரல் ஏச்சோடு நிற்காமல், நீ இல்லாதிருப்பதே எல்லார்க்கும் நல்லது என்று சொல்லத் தொடங்கினால், அங்கே கொப்பியும் பேனாவும் போதா. அன்றே ஒரு மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டிலே நமது தீவில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை மிகவும் குறைந்தது. கையெட்டும் தூரத்திலே நஞ்சு இல்லாதபோது அந்த ஒரு வேளை கடந்து போய்விடுகின்றது. கடந்தபின் மனிதர் வாழ்கின்றார்கள் என்பதே இதிலிருந்து நாம் அறிவது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். கொழும்பிலே 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனத்தார், உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பதையே தொண்டாகச் செய்கின்றார்கள். அங்கே போவதை வெட்கமென்று எண்ணாதீர்கள். கால் முறிந்தால் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போகின்றோமே.

முன்னே ஒரு பயம் என்றேன். அது இதுதான். நேற்று மாலை கீழ்வீட்டுச் சிறுமி 'ஈ' எழுதும்போது தலைகீழாக எழுதிவிட்டாள். எனக்கு இவ்வுரையை எழுதி முடிக்கும் அவசரம். "எத்தனை தரம் சொல்றது, மண்டையிலை ஒண்டும் ஏறாதா?" என்று சொல்லிவிட்டேன். எந்த உரையை எழுதிக்கொண்டு அதைச் சொன்னேன் என்று பாருங்கள்! அவள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தின் பின் பொம்மையை மடியிலே வைத்துக்கொண்டு, மெல்லிய குரலிலே, "மண்டையிலை ஒண்டும் ஏறாதா" என்று அதனிடம் கேட்டாள். என் குரல் அப்படியே அதில் இருந்தது. நான் எழுந்து போய் அவளருகே இருந்து, "அண்ணா சொன்னது பிழை. 'ஈ' கஷ்டமான எழுத்துத்தான். வா, ரெண்டு பேரும் எழுதுவம்" என்றேன். அவள் எழுதினாள். பொம்மைக்கும் கையைப் பிடித்து எழுதுவித்தாள். பொம்மைக்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கக் காது கொடுத்தேன். மின்விசிறிச் சத்தத்திலே சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாம் முறைப் பரீட்சையிலே கழித்தல் குறி போயிற்று. பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது. அதை இவ்வுரையின் வெற்றிக் கதையாக வைக்க எனக்கு விருப்பமில்லை. சென்ற தவணையிலும் ஒரு பாடம் எனக்குக் கைகொடுக்கவில்லை. அன்றிரவு பழையவன் வந்தான்; வழக்கமான இடத்திலே இருந்தான். கொப்பியை எடுத்தேன். அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன, போயிட்டுதா? சரி. வா, புட்டு ஆறப்போகுது" என்றார். அவரும் பழகிக்கொண்டு வருகின்றார்.

தலைவர் அவர்கள் மணியை அடித்துவிட்டார். அம்மம்மா மூன்றாம் வரிசையிலே இருக்கின்றா. இம்மண்டபத்துக்குப் பதினொரு படிகள். ஏறும்போது எண்ணிக்கொண்டு வந்தோம். இறங்கும்போது ஒரு கையை அவவுக்கும் ஒரு கையைக் கைபிடிக் கம்பிக்கும் கொடுத்து நிற்க வேண்டும்.